காப்பிய ஊத்தி வச்சது யாரு?

கிளச்ச மெதுவா விடுங்க சார். மெதுவா, மெதுவா... ஆங், டக்குனு விட்டா இப்படித்தான் குதிச்சு நிக்கும். பரவாயில்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. பயப்படாதிய, என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கு. மந்திரமூர்த்தி டிரைவிங் ஸ்கூல்ல படிச்சு இது வரைக்கும் ஒருத்தரும் சுவத்துல மோதினது கிடையாது. ஒரே ஒரு டீச்சரம்மா மோதினாவ, அது அவுக வீட்டுச் சுவரு. அதெல்லாம் சேராது.

ஞாயித்துக்கிழம கிளாஸ் எதுக்குன்னு கேட்டிய. நீங்க பேங்க்ல இருக்கிய, லீவு நாளுதான் தோதுப்படும்னு சொன்னேன்லா. அது பாதிதான். மீதியச் சொல்லுதேன், ஸ்டியரிங்க விட்டுறாதிய. ஞாயித்துக்கிழம பத்து மணிக்கு நான் சும்மா இருந்தேன்னா என் காலு தானா ஆவுடையப்பன் கடை மாடிக்குப் போயிரும். போகக்கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கேன். அதான் உங்கள வரச் சொன்னேன்.

ஆவுடையப்பன் யாருன்னா, மார்க்கெட் பக்கம் பெயிண்டு கடை வச்சிருக்கான், என் சிநேகிதன். சிநேகிதனா இருந்தான்னு வச்சிக்கிடுங்க. எண்பத்தொன்பது பொங்கலுக்கு நம்ம ஊர்ல ஒரு இங்கிலீஷ் படம் தமிழ் பேசி வந்துது. ‘பனிப்பாதாளம்’னு பேரு. இப்ப கல்யாண மண்டபமா இருக்குல்லா, அந்தத் தியேட்டர்ல. டிக்கெட் வரிசையில எனக்கு முன்னால நின்னவன் ஆவுடை. உள்ள போயி பக்கத்துப் பக்கத்துல உக்காந்தோம். பாதிப் படத்துல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு அவன் என் கையப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சு, தடம் மூணு நாளு இருந்துது. அன்னைலருந்து கூட்டு. அந்தப் படத்த தியேட்டர்ல மட்டும் நான் இருபத்து மூணு தடவ பாத்தேன், அவன் பத்தொன்பது. நாலு தடவ நான் கூடுதல், அது அவனுக்கும் தெரியும்.

இரண்டாவது கியருக்கு மாத்துங்க. கீழ பாக்காம மாத்தணும்.

கதை என்னன்னா, வானத்துல எங்கயோ ஒரு பனிக்கட்டி நிலா. அந்தப் பனிக்கு அடியில ஒரு ஆராய்ச்சி நிலையம். எட்டுப் பேரு போறாவ. கதவத் திறந்தா உள்ள ஈ காக்கா கிடையாது. ஆனா மேசை மேல ஒரு டம்ளர்ல காப்பி, ஆவி பறக்குது. அங்கருந்துதான் படமே ஆரம்பிக்கும். பொறவு ஒவ்வொருத்தரா போவாவ. கொல்லுதது என்னன்னு கடைசி வரைக்கும் காட்டவே மாட்டான். அது ஆள மட்டும் திங்காது சார், குரலையும் எடுத்துக்கிடும். செத்தவன் குரலு குழாய்க்குள்ள இருந்து, ‘ஏய், நான் இங்கதான் இருக்கேன், வாயேன்’னு கூப்பிடும். அந்தா, உங்க கையில ரோமம் நிக்குது. ரோட்டப் பாருங்க சார், ரோட்ட.

அதுக்கு ஒரு ரசிகர் மன்றம் வச்சிருக்கோம். சிரிக்காதிய. நடிகருக்கு மன்றம் வச்சா சிரிக்க மாட்டிய, பேய்க்கு வச்சா சிரிப்பு. நாலே பேரு. நான், ஆவுடை, தையக்கடை காஜா மைதீன், ரிட்டயர்டு தமிழ் வாத்தியாரு பிச்சுமணி சார். ஞாயித்துக்கிழம காலைல பத்து மணி, பெயிண்டு கடை மாடி, ஆளுக்கொரு டீ, ஆளுக்கொரு உளுந்த வடை. எங்க சுத்தி எங்க வந்தாலும் பேச்சு ஒரே கேள்வியில வந்து நிக்கும். காப்பிய ஊத்தி வச்சது யாரு?

அதுக்குப் பதில் கண்டுபிடிச்சது நான். தற்பெருமைக்குச் சொல்லல, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. காப்பிய ஊத்தி வச்சது அதுதான். கொல்லுததுக்கு இல்ல. அது ஒருத்தன் குரல எடுக்கும்போது அவன் பழக்கத்தையும் சேத்து எடுத்துக்கிடுது. ஆளு வந்தா காப்பி கொடுக்கணும்கிற பழக்கம். பனிக்கடியில எத்தன வருஷமா தனியாக் கிடக்கோ. மேல ஆளு வர்ற சத்தம் கேட்டதும் காப்பியப் போட்டு வச்சுட்டு இருட்டுக்குள்ள போயி நின்னுக்கிட்டு, குடிக்காவளா, குடிக்காவளான்னு பாக்குது. யாரும் குடிக்கல. வந்த ஆளப் பக்கத்துல வச்சிக்கிட அதுக்கு வேற வழி தெரியல சார். அதனால தின்னுது.

எப்படி? ஆங். இத நான் சொல்ல ஆரம்பிச்சா காஜா பாய் வடையக் கீழ வச்சிருவாரு. பிச்சுமணி சார் கண்ணாடியக் கழட்டித் துடைப்பாரு. ஆவுடை, ‘மந்திரம், அந்த இருட்டு இடத்த இன்னொரு தடவ சொல்லுடே’ம்பான். ஒவ்வொரு தடவையும். கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்திருக்கும்போது கூட நாலு பேரக் கூட்டிட்டு வந்து எம்முன்னால உக்கார வச்சு, ‘சொல்லு’ம்பான். அவன் மக நிச்சயதார்த்தத்துல சொன்னேன். சம்பந்தி வீட்டுப் பொம்பளைக ரெண்டு பேரு கை கழுவத் தனியாப் போக மாட்டோம்னுட்டாவ.

ஹாரன் அடிங்க, அந்த ஆட்டுக்கு. அது நகராது, நீங்கதான் சுத்திப் போகணும்.

சரி, விஷயத்துக்கு வாரேன். ஆறு மாசத்துக்கு முன்ன எஸ்தர் பெனிட்டான்னு ஒரு பொண்ணு. முப்பது வயசு இருக்கும், காலேஜ் லைப்ரரியில வேலை. வீட்டுக்குப் பெயிண்டு வாங்க வந்திருக்கா. ஆவுடை கல்லாவுக்குப் பின்னால பழைய போஸ்டர் ஒண்ணு ஒட்டியிருக்கான். அதப் பாத்துட்டு ‘அய்யோ அண்ணாச்சி, பனிப்பாதாளமா!’ன்னு கத்தியிருக்கா. முடிஞ்சுது. அடுத்த ஞாயித்துக்கிழம நான் படியேறிப் போறேன், ஃபேனுக்கு நேர் கீழ உள்ள நாற்காலில அவ உக்காந்திருக்கா. அது என் நாற்காலி சார். யாரும் எழுதி வைக்கல, ஆனா என் நாற்காலி.

பொறாமைன்னு நினைக்காதிய. எனக்கென்ன பொறாமை, என் மக வயசு. இருந்தாலும் ஒரு முறை இருக்குல்லா? ஆவுடை எனக்குன்னு ஒரு வடை எடுத்து வைப்பான். ஓட்டை பெருசா, சுத்தியும் மொறுமொறுன்னு இருக்கிற வடை. கடைக்காரன்ட்ட சொல்லி வாங்குவான். அன்னைக்கு அந்த வடை அவ தட்டுல இருக்கு. எனக்கு மெத்துனு ஒண்ணு வந்துது. நான் திங்கல.

பொறவு வாட்சப் குரூப்ல சேத்தாச்சு. நான் விடிய எந்திரிச்சு நாலு பாரா டைப் பண்ணிப் போட்டா, ஆவுடை ஒரு கட்டைவிரலு போடுவான். அவ ‘குழாய்க்குள்ள என் மேனேஜர் குரல் கேக்குது’ன்னு ஒரு வரி போட்டா, சிரிப்பு பொம்மை ஏழு. எண்ணிப் பாத்தேன் சார், ஏழு. முப்பத்தாறு வருஷத்துக்கு ஒரு கட்டைவிரலு, ஆறு மாசத்துக்கு ஏழு பொம்மையா?

ஒண்ணுமில்ல, நான்தான் பிரேக்க மிதிச்சிட்டேன். தெரியாம மிதிச்சது. நீங்க நல்லாத்தான் ஓட்டுதிய, போங்க.

அப்பதான் அந்தச் செய்தி வருது. பனிப்பாதாளத்துக்கு முன்கதை எடுக்கப் போறானாம். அதாவது அந்த எட்டுப் பேரு போறதுக்கு முன்னால அங்க என்ன நடந்துதுன்னு தனியா ஒரு படம். இப்படி ஒரு செய்தி வந்தா ஆவுடை முதல்ல யாருக்குச் சொல்லணும்? எனக்குல்லா? நான் காலைல ஆறே முக்காலுக்கு குரூப்பத் திறந்து பாத்துத் தெரிஞ்சிக்கிடுதேன். அதுலயும், ‘பெனிட்டா நைட்டே சொன்னா, நம்பவே முடியல’ன்னு எழுதியிருக்கான். சரி சார், உங்கள்ட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. எரிஞ்சுது. வயிறு எரிஞ்சுது. என் பொஞ்சாதி தோசைய வச்சுட்டு நிக்கா, நான் போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

எடுக்கலாமா கூடாதான்னு குரூப்ல ஒரே அடிதடி. கடைசில பிச்சுமணி சார், ‘அடிச்சிக்கிடாதீங்கடா, முறையா ஒரு பட்டிமன்றம் வச்சிருவோம்’னாரு. ‘பனிப்பாதாளத்திற்கு முன்கதை தேவையா, தேவையில்லையா?’ அவரே நடுவர். நேரம் முடிஞ்சா காலி பெயிண்டு டப்பாவத் தட்டுவாரு. தேவைன்னு பேச பெனிட்டா, காஜா பாய். தேவையில்லன்னு பேச நானும் ஆவுடையும். ஆவுடை என் அணின்னதும் எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு சார். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கிட்டுப் போனேன்.

நான் பிச்சு உதறிட்டேன். ‘பேயோட ஜாதகத்தக் கொண்டாந்து காட்டுனா பொறவு எவன் பயப்படுவான்? அந்தக் காப்பிய யாரு ஊத்துனாங்கிறத படத்துல காட்டுனா, அன்னைக்கே இந்த மன்றத்தப் பூட்டிச் சாவிய ஆத்துல போட்டுரலாம்’னேன். காஜா பாய் எழுந்து, ‘படம் வரட்டும், பாப்போம், பிடிக்கலைன்னா திட்டுவோம், அதுவும் ஒரு பொழுதுபோக்குதானே’ன்னுட்டு உக்காந்துட்டாரு. ஆவுடை ரெண்டே நிமிசம்தான் பேசினான். ‘சில விஷயம் தெரியாம இருக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது’ன்னான். சொல்லும்போது என்னையே பாத்தான். நம்ம அணிக்காரன் நம்மளப் பாத்துப் பேசுதான்னு நான் கை தட்டுனேன்.

கடைசில அந்தப் பொண்ணு எந்திரிச்சா. மரியாதையாத்தான் ஆரம்பிச்சா. ‘அண்ணாச்சி சொல்ற பயம் நியாயம்தான். ஆனா முதல் சீன்ல காப்பி ஊத்திக்கிட்டு இருக்கும்போதே அந்தச் சத்தத்தக் கேட்டு, டம்ளர அப்படியே மேசையில வச்சிட்டு ஓடுறாங்களே ஒரு சமையக்காரம்மா, அவங்க கதையத்தானே எடுக்கப் போறாங்க? அவங்க என்ன ஆனாங்கன்னு தெரிஞ்சிக்கணும்னு எனக்கு சின்ன வயசுல இருந்தே ஆசை’ன்னா.

நான் சிரிச்சேன். வாய் விட்டுச் சிரிச்சேன் சார். ‘எந்தச் சமையக்காரம்மா? வேற படத்தப் பாத்துட்டு வந்துட்டியாம்மா?’ன்னேன். எல்லாரும் என்னோட சேந்து சிரிப்பாவன்னு பாத்தேன். காஜா பாய் தட்டப் பாக்காரு. பிச்சுமணி சார் கையில கம்ப வச்சிக்கிட்டு டப்பாவத் தட்டாம இருக்காரு. ஆவுடை சன்னலுக்கு வெளிய பாக்கான். அந்தப் பொண்ணு ஒண்ணும் புரியாம, போன்ல படத்தோட ஆரம்பத்தப் போட்டு எங்கிட்ட நீட்டுனா.

இருக்கு சார். பன்னெண்டு நிமிசம். ஒரு வயசான வெள்ளக்கார அம்மா, ஏப்ரன கட்டிக்கிட்டு ரொட்டி சுடுதா, பாட்டு முணுமுணுக்கா, காப்பி ஊத்துதா. குழாய்க்குள்ள சத்தம். டம்ளர வச்சிட்டு ஓடுதா. பொறவுதான் கதவு திறக்கு, எட்டுப் பேரு வாராவ.

நடந்தது என்னன்னா, அந்தப் பொங்கலுக்கு நம்ம தியேட்டர்காரரு அஞ்சு காட்சி ஓட்டணும். முதல் ரீல்ல பேயும் வரல, சண்டையும் வரல, ஒரு கிழவி சமையல் பண்ணுதா. ஜனம் சத்தம் போடும்னு அந்த ரீலத் தூக்கி ஓரமா வச்சிட்டாரு. அவ்வளவுதான். உலகத்துல வேற எந்த ஊர்லயும் இப்படி ஒரு கேள்வியே கிடையாது சார். எல்லா ஊருக்காரனும் அந்தம்மா ஊத்துததப் பாத்துட்டுத்தான் மத்தத பாத்திருக்கான். நாங்க மட்டும் முப்பத்தாறு வருஷமா காப்பிய யாரு ஊத்துனா, காப்பிய யாரு ஊத்துனான்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்.

நாங்கன்னா, நாங்க கூட இல்ல. நான் மட்டும். மத்த மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. பதினஞ்சு வருஷமாத் தெரிஞ்சிருக்கு! மெட்ராஸ்ல மச்சினன் வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஆவுடை முழுப் படத்தையும் பாத்திருக்கான். வந்து காஜாட்டயும் பிச்சுமணி சார்ட்டயும் சொல்லியிருக்கான். எங்கிட்ட மூச்சு விடல. எனக்குச் சின்ன ஸ்கிரீன்ல அந்தப் படத்தப் பாக்க மாட்டேன்னு ஒரு வைராக்கியம், அது அவனுவளுக்கு வசதியாப் போச்சு. ஒரு தடவ டி.வி.யில போட்டான். நான் கூட, ஒரு பத்து நிமிசம் பாக்கலாமான்னு நினைச்சேன். அன்னைக்குன்னு பாத்து காலைலயே ஆவுடை வண்டியக் கொண்டாந்து நிறுத்தி, ‘வா, திருச்செந்தூருக்குப் போவோம்’னான். சாமி கும்பிட்டு, கடல்ல குளிச்சு, பனங்கற்கண்டு வாங்கிக் கொடுத்து, இருட்டுத வரைக்கும் வீட்டுக்கு விடல. எம்மேல எவ்வளவு பாசம்னு அன்னைக்கு நினைச்சேன். இப்பல்லா தெரியுது, திட்டம் போட்டு ஏமாத்தியிருக்கான்.

நீங்க என்ன ஒரு மாதிரிப் பாக்கிய? அவன் பக்கம் பேசுதிய போலிருக்கே. லெஃப்ட்ல ஒதுங்குங்க, பஸ் வாரான்.

பட்டிமன்றத்தன்னைக்கே ஆவுடைட்ட கேட்டேன். ‘ஏன்டே, ஏன் சொல்லல?’ன்னு சட்டையப் பிடிச்சிட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘உனக்கு அந்தப் படம் பிடிச்சிருந்துதுடே. எங்களுக்கு நீ அதச் சொல்லுதது பிடிச்சிருந்துது’ன்னான். அப்ப என்ன அர்த்தம்? நான் என்ன கோமாளியா? பதினஞ்சு வருஷமா எனக்குப் பின்னால சிரிச்சிருக்கானுவ. வேற என்ன அர்த்தம் சொல்லுங்க? அந்தப் பொண்ணு படியில பின்னாலயே ஓடி வந்து, ‘அண்ணாச்சி, சத்தியமா நீங்க சொல்றதுதான் நல்லாருக்கு, அந்தம்மா ஊத்துறதுல என்ன இருக்கு’ங்கா. நக்கலப் பாத்தியளா? கண்ணுல தண்ணிய வேற வச்சிக்கிட்டு நக்கல். குரூப்ல இருந்து வெளிய வந்துட்டேன். நாலு ஞாயிறு ஆச்சு.

போன வாரம் அவ, கார் ஓட்டப் படிக்கணும்னு என் ஸ்கூலுக்கே வந்துட்டா. ஃபுல்லுன்னு சொல்லி அனுப்பிட்டேன். எங்க ஃபுல்லு? நீங்க ஒருத்தருதான் இருக்கிய.

ஆவுடை வரல. வந்திருக்கலாம்லா? ரெண்டு தெரு தள்ளித்தான் கடை. வந்து வாசல்ல நின்னா நான் என்ன வெட்டிப் போட்டுரவா போறேன்? அங்க சிரிச்சிக்கிட்டு வடை தின்னுட்டு இருப்பான். என்னால அதத்தான் தாங்க முடியல சார். நான் இல்லாம அங்க ஞாயித்துக்கிழம நடக்குங்கிறதத்தான்.

அந்தா, ரயில்வே கேட்டப் போட்டுட்டான். நியூட்ரல்ல போடுங்க, ஹேண்ட் பிரேக்க இழுங்க. போன் வேற அடிக்குது. காஜா பாய். நான் எடுக்க மாட்டேன். அடிக்கட்டும். என்ன, எடுக்கணுமா? நீங்க சொல்லுதியன்னு எடுக்கேன். ஸ்பீக்கர்ல போடுதேன், இவனுவ லட்சணத்த நீங்களே கேளுங்க.

என்ன பாய், சொல்லுங்க. கிளாஸ்ல இருக்கேன். யாரு வந்திருக்காவ? காலேஜ்ல இருந்து எட்டுப் பேரா? எதுக்கு? அவளா கூட்டிட்டு வந்திருக்கா? என்ன கேக்கணுமாம்? ஏய் பாய், கேட்டதுக்குப் பதில் சொல்லும். யாரு சொல்லிக்கிட்டு இருக்கா? ஆவுடையா? என் கதையையா? பேசாதிய. ஒண்ணும் பேசாதிய. போன அவன் பக்கமா வைங்க.

கேக்குதா சார்? அவன்தான். ‘உள்ள போனா அங்க ஒரு காப்பி இருக்கும்’ங்கான். அட மடப்பயலே, முதல்ல கதவு சத்தம்லா வரணும்! கதவு, பொறவு குளிரு, அதுக்குப் பொறவுதானே டம்ளரு! எடுத்த எடுப்புல காப்பிய நீட்டுதான், இவன் என்ன ஹோட்டலா நடத்துதான்? காஜா பாய் என்ன சொல்லுதாரு? ஒரு பிள்ள கொட்டாவி விடுதாளாம். விடுவா. விடாம என்ன செய்வா? அந்தக் குழாய்க் குரல இவன் சொல்லுத லட்சணத்தப் பாருங்க, குழாயடியில தண்ணிக்குக் கூப்பிடுத மாதிரி இருக்கு.

ஷ். இருங்க. நிறுத்திட்டான்.

என்ன சொல்லுதான்? ‘இதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் வந்துதான் சொல்லணும்.’ கேட்டியளா? தெரியாதாம்! ஐநூறு தடவ கேட்டவன் சார். நான் ஒரு வார்த்தை முன்னப் பின்ன சொல்லிட்டா, ‘அப்படி இல்லடே, இப்படி’ன்னு எனக்கே திருத்துதவன். இருட்டு இடம் முழுக்க அவனுக்கு மனப்பாடம். அந்த எட்டுப் பேருக்கு முன்னால நின்னுக்கிட்டு தெரியாதுங்கான். அந்தப் பொண்ணும் வாயத் திறக்க மாட்டங்கா.

பாய், போன வச்சிருங்க. ஒண்ணும் சொல்லல. வைங்கன்னா வைங்க.

சார், கேட் திறந்தாச்சு. நேராப் போக வேண்டாம். ஆமா, யூ டர்ன் இன்னும் சொல்லித் தரல, பத்தாவது கிளாஸ்லதான் வரும். இன்னைக்கே படிச்சிக்கிடுங்க. வலது இண்டிகேட்டரப் போடுங்க, கண்ணாடியப் பாருங்க, ஸ்டியரிங்க முழுசா ஒடிங்க. அடிக்கிறவன் ஹாரன் அடிக்கட்டும், காதுல வாங்காதிய. சமாதானத்துக்குப் போறேன்னு மட்டும் நினைச்சிராதிய சார், நான் ஒண்ணும் அப்படிப்பட்ட ஆளு கிடையாது. கதையக் கெடுத்து வச்சிருக்கான், அதச் சரி பண்ணிட்டு வந்துருவேன். கொஞ்சம் ஆக்சிலேட்டர மிதிங்க. அத்தன பேருக்கு முன்னால அவன் எவ்வளவு நேரந்தான் தெரியாது, தெரியாதுன்னு சொல்லிக்கிட்டு நிப்பான்?